டவுண்காரர்கள் விழுங்கிய வரி

ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்து எந்தப் பாட்டு வரும் என்று எனக்குத் தெரியும். திருநெல்வேலி டவுணில் வாகையடி முக்கைச் சுற்றி வளர்ந்த, என் வயசுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. அந்த வரிசையைப் போட்டவர் எங்கள் ரிக்கார்டிங் சென்டர் அண்ணாச்சி. இசையமைப்பாளர்களுக்கு அதில் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ரிக்கார்டிங் சென்டர் என்றால் விளக்கித்தான் ஆகவேண்டும். வெற்றுக் கேசட்டையும், வேண்டிய பாட்டுகளை எழுதிய துண்டுச்சீட்டையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தங்களிடம் உள்ள இசைத்தட்டுகளிலிருந்து அவற்றைப் பதிந்து தருவார்கள். நாளைக்கு வா என்பார்கள், நாளைக்குப் போனால் நாளைக்கு வா என்பார்கள். எல்லாக் கடைக்காரர்களும் இப்படித்தான். எங்கள் அண்ணாச்சியிடம் கூடுதலாக ஒரு வழக்கம் இருந்தது. கேசட்டின் ஒரு பக்கத்தில் நாம் கேட்ட பாட்டெல்லாம் முடிந்து கொஞ்சம் இடம் மிஞ்சினால், அதைச் சும்மா விட அவருக்கு மனசு வராது. தன் இஷ்டத்துக்கு ஒரு பாட்டைப் போட்டு நிரப்பிவிடுவார்.

"நான் இதைக் கேக்கலையே அண்ணாச்சி" என்று முதல்முறை நான் சொன்னபோது, கண்ணாடிக்கு மேல் வழியாக என்னைப் பார்த்தார்.

"வெறும் டேப்பு ஓடினா மெசினுக்கு ஆகாது வே. கொசுறுன்னு வச்சுக்கிடும்."

கொசுறு என்றால் கத்தரிக்காய்க்குக் கறிவேப்பிலை தருகிற மாதிரி, போனால் போகிறது என்று தருவது. இவருடைய கொசுறோ நாம் காசு கொடுத்துக் கேட்ட பாட்டை விட நீளமாக இருக்கும். சில சமயம் அதற்கு இடம் வேண்டும் என்பதற்காக நம் பாட்டு ஒன்றையே எடுத்துவிடுவார். கேட்டால், "அந்தப் பாட்டை நம்ம மெசின் ஏத்துக்கிடலை" என்பார். அவருக்குப் பிடிக்காத பாட்டை எல்லாம் அந்த மெஷின் ஏற்றுக்கொண்டதே இல்லை. இவ்வளவு ரசனை உள்ள மெஷினை நான் அதற்கப்புறம் எங்கேயும் பார்த்ததில்லை.

அவருடைய கொசுறு பெரும்பாலும் ஒரே பாட்டுதான். ஒரு பெண் பொழுது சாய்கிற நேரத்தில் ஒருவனுக்காகக் காத்திருக்கிற பாட்டு. படம் ஓடவில்லை. எங்கள் ஊரில் அந்தப் படத்தைப் பார்த்தவர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் பாட்டு மட்டும் டவுணில் வீட்டுக்கு வீடு இருந்தது. பக்திப் பாடல் பதியக் கொடுத்தவர் கேசட்டிலும் இருந்தது, பிள்ளைக்கு ஆங்கிலப் பாட்டு பதியக் கொடுத்தவர் கேசட்டிலும் இருந்தது. ரத வீதியில் ஒரு துணிக்கடையில் காலையில் சுப்ரபாதம் முடிந்த கையோடு இந்தப் பெண் காத்திருக்க ஆரம்பித்துவிடுவாள். வாடிக்கையாளர்களும் அதைக் கேட்டுக்கொண்டே வேட்டி கிழித்து வாங்கிக்கொண்டு போவார்கள்.

அந்தப் பாட்டின் இரண்டாவது சரணத்தில் அவள் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பாள். "வாசலில்" என்று பாடுவாள். உடனே இன்னொரு முறை "வாசலில்" என்பாள். அடுத்த நொடி, ஒரு சின்னத் திடுக்கிடலோடு, அவள் கண்கள் நிறைந்து வழிகிற வரி வந்துவிடும். வாசலில், வாசலில், கண்ணீர். நடுவே ஒன்றும் கிடையாது. அந்தத் திடுக்கிடலை நாங்கள் இசையமைப்பாளரின் மேதைமை என்று நினைத்தோம். மேலரத வீதி டீக்கடையில் நானே அதைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறேன். காத்திருந்தவள் மனம் உடைகிற இடத்தில் தாளத்தையும் உடைத்திருக்கிறார், இதெல்லாம் மேல்நாட்டில்கூட யாருக்கும் தோன்றாது என்றேன். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆக, டவுணைப் பொறுத்தவரை அது சோகப் பாட்டு. காதல் தோற்றவர்களுக்கு அதுதான் அங்கீகரிக்கப்பட்ட பாட்டு. கணக்குப் பரீட்சையில் தோற்றவர்களும் அதையே போட்டுக் கேட்டார்கள். எனக்குக் காதலும் இல்லை, கணக்கும் பரவாயில்லை. ஆனாலும் என் கேசட்டுகளில் எத்தனை கொசுறு உண்டோ அத்தனை முறை நான் அந்த வாசலில் நின்று தொண்டை அடைத்திருக்கிறேன். அந்த வயசில் தொண்டை அடைக்க ஒரு காரணம் கிடைப்பதே பெரிய சந்தோஷம்.

ஒருமுறை ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்குகிறார், ஒலிபெருக்கியில் இந்தப் பாட்டைப் போடுகிறார்கள். பெண்வீட்டார் சிரித்துக்கொண்டே பன்னீர் தெளிக்கிறார்கள். டவுணிலிருந்து போன நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நல்ல நாளும் அதுவுமாக இப்படி ஒரு பாட்டைப் போடுகிறார்களே, இவர்களுக்கு விவஸ்தையே கிடையாதா என்று வருத்தப்பட்டோம். சாப்பாட்டுப் பந்தியில் எங்கள் வரிசை மட்டும் துஷ்டி கேட்கச் சாவு வீட்டுக்கு வந்தது போல உட்கார்ந்து பாயசம் குடித்தது. அன்றைக்கே நான் ஒலிபெருக்கியைக் கொஞ்சம் கவனித்துக் கேட்டிருக்கலாம். ரசிகர்கள் கவனித்துக் கேட்க மாட்டார்கள், தெரிந்ததைத்தான் கேட்பார்கள்.

பிறகு எனக்கே பாளையங்கோட்டையில் பெண் பார்த்தார்கள். ஆசிரியர் குடும்பம். ஒரு வாக்கியம் முழுசாக முடியாவிட்டால் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. கல்யாணம் முடிந்து, மறுவீட்டுக்குப் போய்விட்டு டவுண் பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். ஆற்றுப் பாலத்தில் காற்று நன்றாக அடித்தது. புது மனைவி பக்கத்தில் இருந்தாள். எனக்கு வேறென்ன வரும்? அந்தப் பாட்டை மெதுவாக முணுமுணுத்தேன். வாசலில், வாசலில், கண்ணீர்.

"அங்கன ஒரு வரி இருக்கு" என்றாள் அவள்.

"எங்கன?"

"வாசல்ல நிக்கும்போது. அவன் வந்திருவான்லா. தெருமுனையில செருப்புச் சத்தம் கேக்கும், அவன் வந்து எதிர்ல நிப்பான். அதுக்கப்புறம்தான கண்ணுல தண்ணி. நீங்க அந்த வரியை முழுங்கிட்டீங்க. வாசல்ங்கதும் ஒரு தடவைதான்."

நான் சிரித்தேன். பாவம், பாளையங்கோட்டைக்காரி, இவளுக்கு யாரோ தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவள் முழுச் சரணத்தையும் சின்னக் குரலில் பாடிக் காட்டினாள். அவன் வந்தான். பஸ் ஜங்ஷனில் நின்றது. இத்தனை வருஷம் நான் யாருக்காகத் தொண்டை அடைத்தேனோ அந்தப் பெண் சந்தோஷமாக வீட்டுக்குள் போய்விட்டாள் என்று ஒருத்தி பஸ்ஸில் வைத்துச் சொன்னால் எப்படி இருக்கும்?

"உங்க ஊர்ல அவன் வரவே இல்லையா?" என்று கேட்டாள். அவள் கேலியாகத்தான் கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது.

நியாயம் கேட்க மறுநாளே அவளை ரிக்கார்டிங் சென்டருக்கு அழைத்துப் போனேன். புதுப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு எல்லோரும் கோயிலுக்குப் போவார்கள், நான் இங்கே போனேன். அண்ணாச்சி அவளை உட்காரச் சொல்லிக் கலர் வாங்கிக் கொடுத்தார். நான் வழக்கைச் சொன்னேன். அவர் அலமாரியிலிருந்து அந்த இசைத்தட்டை உறையோடு எடுத்தார். அன்றைக்குத்தான் நான் அதை நேரில் பார்த்தேன். தட்டு தேயக் கூடாது என்று அவர் ஒரே ஒருமுறை அதை ஒரு கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் அந்தக் கேசட்டிலிருந்துதான் படியெடுத்துக் கொடுத்துவந்தார். தட்டை டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்தார். கறுப்பில் ஒரு கீறல், கதிர் அரிவாள் போல வளைந்து, பளிச்சென்று தெரிந்தது.

"இதான். நம்ம தட்டுல ஒரு கீறல் உண்டு. முள்ளு அங்கன தாவிரும். அதுக்கு இப்ப என்ன?"

"வேற தட்டு வாங்கிப் பதியலாம்லா அண்ணாச்சி?" என்று கேட்டாள் மனைவி.

"வாங்கலாம்மா. ஆனா ஊரே இப்பிடிக் கேட்டுப் பழகியாச்சு. இனிமே மாத்துனா அத்தன பேரும் கேசட்டைத் தூக்கிட்டு வந்து, பாட்டைக் கெடுத்துட்டேரு வேன்னு சண்டைக்கு நிப்பானுவ." அவள் குடித்து முடித்த கலர் பாட்டிலை வாங்கி ஓரமாக வைத்தார். "அது சரி, பாளையங்கோட்டையில ஒங்களுக்கெல்லாம் எல்லாமே முழுசாக் கெடச்சிட்டாக்கும்?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வெளியே வந்ததும், "ஒங்க அண்ணாச்சி நல்ல மனுசன்" என்றாள். வழக்கில் ஜெயித்தவர்களுக்கு எப்போதும் நீதிபதியைப் பிடிக்கும்.

சமாதானத்துக்காக நாங்கள் டவுணிலும் இல்லாமல் பாளையங்கோட்டையிலும் இல்லாமல் கொக்கிரகுளத்தில் ஆற்றை ஒட்டி வீடு பார்த்தோம். பாட்டு விஷயத்தில் மட்டும் சமாதானம் ஏற்படவில்லை. உண்மை தெரிந்த பிறகும் எனக்கு முழுப் பாட்டு பிடிக்கவில்லை. அவன் செருப்புச் சத்தத்தோடு வந்து எதிரே நிற்பது எனக்கு ஏதோ வேண்டாத விருந்தாளி வந்தது போல இருந்தது. நான் என் கேசட்டையே போட்டுக் கேட்டேன். அந்தத் திடுக்கிடல் வருகிற இடத்தில் சரியாக அடுக்களையிலிருந்து அவள் குரல் கொடுத்து அந்த வரியைப் பாடிவிடுவாள். கை வேலையாக இருந்தாலும், வாயில் குழம்பு ருசி பார்த்துக்கொண்டிருந்தாலும், தலைவலி என்று படுத்திருந்தாலும் விடமாட்டாள். என் மகள் வெகுகாலம் அந்தப் பாட்டை ஆரம்பத்திலிருந்து ஒருத்தியும், நடுவில் ஒரே ஒரு வரியை மட்டும் அம்மாவும் பாடியிருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சி காலமானார். கேசட்டுக் காலம் அவருக்கு முன்னாலேயே போய்விட்டது. ஆனாலும் அவர் கடைசிவரை கடையைத் திறந்து, தட்டுகளைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வாரம் ஒருநாள் போவேன். ஒன்றும் வாங்கமாட்டேன். அவரும் விற்கமாட்டார். புதுப் பாட்டுகளை இரண்டு பேரும் சேர்ந்து வைவோம். அவர் போனதும் எனக்கு வையக்கூட ஆள் இல்லாமல் போனது. அது நிஜமான கஷ்டமாக இருந்தது.

அடுத்து ஆற்றில் வெள்ளம் வந்தது. சமாதானத்துக்காக ஆற்றங்கரையில் வீடு பார்த்த புத்திசாலிகளின் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். என்றைக்கோ ஆசைப்பட்டு வாங்கி, போடத் தட்டு இல்லாமல் பரணில் கிடந்த ரிக்கார்டு பிளேயர் தப்பித்தது. கேசட்டுகள் கீழ் அலமாரியில் இருந்தன. தினமும் எடுக்கிற பொருளைத்தானே எல்லோரும் கைக்கெட்டுகிற இடத்தில் வைப்பார்கள். தண்ணீர் வடிந்த பிறகு அலமாரியைத் திறந்தால் கேசட்டுப் பெட்டிகளுக்குள் சேறு. நாடாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. வந்தவர்கள் எல்லோரும் ஒரே ஆறுதலைச் சொன்னார்கள். எல்லாம் போன்லயே இருக்கே, எதுக்கு வருத்தப்படுதீரு?

போனில் இருந்தது. அதுதான் வருத்தம். போனில் அந்தப் பாட்டு சுத்தமாக, முழுசாக, பாளையங்கோட்டைக்காரர்கள் கேட்டது போலவே இருந்தது. வாசலில் என்று ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு அவள் நிம்மதியாக அடுத்த வரிக்குப் போனாள். என் காது இரண்டாவது வாசலுக்குக் காத்திருந்து ஏமாந்தது. பழைய டவுண் நண்பர்களிடம் அண்ணாச்சி பதிந்த கேசட்டு யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரித்தேன். தச்சநல்லூரில் இருக்கிற ஒருவர், தன் பையன் கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கும்போது எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். பழைய பாட்டு ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். உடனே பன்னிரண்டு பேர் அந்தப் பாட்டின் இணைப்பை அனுப்பினார்கள். ஒருவர் ரோஜாப்பூப் படமும் காலை வணக்கமும் அனுப்பினார்.

மிச்சம் இருந்தது அந்தக் கீறல் விழுந்த தட்டு ஒன்றுதான். அண்ணாச்சியின் மகன் அதே கடையில் செல்போன் உறை விற்று, கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான். போய்க் கேட்டேன்.

"கேசட்டெல்லாம் எப்பவோ குப்பைக்குப் போயாச்சு மாமா. ரிக்கார்டு மட்டும் ரெண்டு மூட்ட கெடந்துச்சு. அந்த ரிக்கார்டா? பாளையங்கோட்டையில புதுசா ஒரு காபிக் கடை தொறந்திருக்காங்கள்லா, அவங்க வந்து சொவத்துல மாட்டக் கேட்டாங்க. குடுத்துட்டேன்."

"சொவத்துலயா?"

"ஆமா. நல்லாருக்கும் மாமா, போய்ப் பாருங்க. லைட்டெல்லாம் போட்டிருக்காங்க."

போய்ப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது. சுவர் முழுக்க இசைத்தட்டுகள், ஒவ்வொன்றின் நடு ஓட்டையிலும் ஒரு திருகாணி. பல பாடகர்களை ஒரே இடத்தில் சிலுவையில் அறைந்தது போல. ஆனால் கடைக்குள் பாட்டு என்று ஒன்றும் கேட்கவில்லை, தும்தும் என்று ஏதோ இடித்துக்கொண்டிருந்தது. காபியின் நுரையில் இலைப் படம் வரைந்து கொண்டுவந்து வைத்தார்கள். நான் குடிப்பதற்குள் அது ஆறிவிட்டது, இலை மட்டும் அப்படியே இருந்தது.

என்னுடைய தட்டைக் கை கழுவுகிற இடத்துக்கு மேலே மாட்டியிருந்தார்கள். நடுவில் வட்டமாகச் சிவப்புச் சீட்டு ஒட்டிய தட்டு. அந்தச் சீட்டில் ஒரு மங்கிய மஞ்சள் பொட்டு. ஆயுத பூஜைக்கு ஆயுதங்களுக்குச் சந்தனப் பொட்டு வைப்பார்கள். அண்ணாச்சி தன் தட்டுகள் ஒவ்வொன்றுக்கும் வைப்பார். கை கழுவுவது போல நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் அந்த அரிவாள் கீறல் தெரிந்தது. பின்னால் கை கழுவ நின்றவர் செருமினார்.

கடைக்காரர் இளைஞர். மரியாதையானவர். அந்தத் தட்டைத் தருவீர்களா என்று கேட்டேன்.

"அங்கிள், அது டெக்கரேஷன். எடுத்தா சொவத்துல காலியா தெரியும்."

"வேற ஒண்ணு கொண்டுவந்து மாட்டிருதேன் தம்பி."

"அதே ரெட் கலர் இருக்கணும் அங்கிள். அந்த வரிசை ஃபுல்லா ரெட் வருது, பாத்தீங்களா? அந்தப் பொட்டு அழுக்கு இல்லாம இருந்தா இன்னும் நல்லது."

அதே சிவப்பில் வேறு தட்டு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் அதே பாட்டின் இன்னொரு தட்டைத்தான் தேட வேண்டியதாயிற்று. திசையன்விளையில் ஒருவர் இருப்பதாகச் சொன்னார்கள். வளைகுடாவில் பலகாலம் இருந்துவிட்டு வந்தவர். வீட்டில் ஒரு அறை முழுக்க இசைத்தட்டு, அறைக்கு ஏசி, கதவுக்குப் பூட்டு. அவருக்குத் தனியாக ஏசி கிடையாது. கைக்கு உறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். முள்ளே படாத தட்டுகள். ஒன்றைப் போட்டுக் காட்டச் சொன்னேன். பதறிப்போனார்.

"போட்டா தேஞ்சிரும்லா!"

என்னைக் குஷிப்படுத்த, தட்டைக் கையில் ஏந்திக் காட்டிக்கொண்டே அந்தப் பாட்டைப் போனில் போட்டார். நாங்கள் இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு போனைக் கேட்டோம். நான் தேடிய தட்டு அவரிடம் இரண்டு படி இருந்தது. ஒன்றைத் தர ரொம்ப யோசித்தார். சொன்ன விலையை நான் வீட்டிலேயே சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை.

"நல்லா வச்சுக்கிடணும். எங்க வைக்கப்போறீய?" என்று கேட்டார்.

"சொவத்துல மாட்டப்போறேன்" என்றேன். அதுதான் உண்மை. அவருக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்திருந்தது.

இப்படியாக, ஒரு கீறலும் இல்லாத, ஒரு தடவையும் பாடாத புத்தம்புதுத் தட்டைக் கொண்டுபோய்க் கை கழுவுகிற இடத்துக்கு மேலே திருகி மாட்டிவிட்டு, கீறல் விழுந்ததை வாங்கிக்கொண்டு வந்தேன். காபிக் கடைக்காரர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே பாட்டு, ஒரே படம். அவர் என்னை ஏமாற்றுக்காரன் என்று நினைத்தாரா, பைத்தியம் என்று நினைத்தாரா என்று தெரியவில்லை. "ஒரு காபி சாப்பிடுங்க அங்கிள், காசு வேண்டாம்" என்றார். பைத்தியம் என்றுதான் நினைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து பரணிலிருந்து பிளேயரை இறக்கினேன். மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"கீறல் விழுந்த ரிக்கார்டுக்கா இவ்வளவு பாடு?"

"நீ ஒன் வேலையப் பாரு. நடுவுல பாடக் கூடாது."

"நான் எதுக்குப் பாடுதேன்" என்று அடுக்களைக்குப் போனாள். போகிற போக்கில் தொண்டையைச் செருமியது எனக்குக் கேட்டது.

தட்டைத் துடைத்தேன். சந்தனப் பொட்டைத் துடைக்கவில்லை. முள்ளை வைத்தேன். கரகரவென்று ஆரம்பித்து, பொழுது சாய்ந்தது, அவள் காத்திருந்தாள். வெள்ளத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் வீடு என் வீடாக இருந்தது. முதல் சரணம் போனது. இரண்டாவது வந்தது. நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

வாசலில், என்றாள். வாசலில், என்றாள். அடுத்து கண்ணீர் வர வேண்டும்.

வாசலில், என்றாள்.

எனக்குப் புரியவில்லை. வாசலில், என்று மறுபடியும் சொன்னாள். வாசலில். வாசலில். முள் அந்த அரிவாளுக்குள் போவதும், திரும்பி அதே தடத்தில் விழுவதுமாக இருந்தது. அது தாவவே இல்லை. அது தாவுகிற கீறலே இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணாச்சி அன்றைக்கு ஊருக்கான அந்தக் கேசட்டைப் பதியும்போது இந்தத் தட்டு இப்படித்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. முதல் வாசலுக்குப் பின்னால் இரண்டாவது வாசல் வந்ததும் அவர் எழுந்து, விரலால் முள்ளை ஒரு தட்டுத் தட்டியிருக்கிறார். அது ஒரு வரி தள்ளிப்போய் விழுந்திருக்கிறது. சரி, போகட்டும் என்று விட்டிருக்கிறார். நான் டீக்கடையில் விளக்கிய மேதைமை அது. டவுண் முழுக்கக் காதலில் தோற்றவர்களும் கணக்கில் தோற்றவர்களும் தொண்டை அடைத்தது அவர் விரலால் தட்டிய அந்த ஒரு தட்டுக்குத்தான். நான் தட்டைத் தேடி ஊர் ஊராக அலைந்தேன். நான் கேட்க ஆசைப்பட்டது தட்டில் இல்லவே இல்லை. அவர் விரலில் இருந்தது. அந்த விரலைச் சிந்துபூந்துறைக் கரையில் நானும் கூட நின்றுதான் எரித்தோம்.

வாசலில், வாசலில் என்று அவள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். எழுந்து முள்ளை எடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வயசில், பட்டப்பகலில், மனைவி வீட்டில் இருக்கும்போது, ஒரு கொசுறுப் பாட்டுக்காக நான் தேம்பி அழுதேன்.

அடுக்களையிலிருந்து வந்தாள். என்னைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். குனிந்து, சுண்டுவிரலால் முள்ளைப் பைய ஒரு தட்டுத் தட்டினாள்.

அந்தச் சின்னத் திடுக்கிடல் கேட்டது. அது முடிந்ததும் கண்கள் நிறைந்து வழிகிற வரி வந்தது.

கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூட விடாமல் பாடிய வரியை அவள் அன்றைக்குப் பாடவில்லை. பாட்டு முடிகிறவரை நின்றுகொண்டே கேட்டாள்.

"ஒங்க ஊர்ல அவன் வரமாட்டான். எனக்குத் தெரியாதா?" என்றாள். அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்திருந்தாள் போல, வேகமாக உள்ளே போனாள்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தட்டைப் போடுகிறேன். வாசலில் என்று இரண்டாவது தடவை கேட்டதும் அவளைக் கூப்பிடுகிறேன். நான் தட்டினால் முள் சரியான இடத்தில் விழமாட்டேன் என்கிறது.